ஓதம் அடித்த சுவரை உடைக்கும் முன்

கேள்வி: எங்களுடையது நங்கநல்லூரில் 1996-ல் கட்டிய தனி வீடு. கீழே நானும் என் கணவரும் இருக்கிறோம். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். சித்திரை மாதத்திலிருந்து ஹால் சுவரில் கூரையை ஒட்டி ஓதம் அடித்து, இப்போது பாதிச் சுவர் வரை இறங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் பாத்ரூம், அதற்கு நேர் மேலே மாடி பாத்ரூம். பெயின்ட் உப்பி உதிர்கிறது. அதே சுவரில் ஸ்விட்ச் போர்டும் இருக்கிறது. முன்பு நாளைக்கு ஒரு முறை மோட்டார் போட்டால் போதும், இப்போது இரண்டு முறை போட வேண்டியிருக்கிறது. பிளம்பர் மாடி பாத்ரூமை முழுக்க உடைக்க வேண்டும் என்கிறார், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். பெயின்டர் வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் மொட்டை மாடியில் கெமிக்கல் போடச் சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன், கேமரா வைத்துக் கண்டுபிடிப்பவர்களைக் கூப்பிடச் சொல்கிறான். மாடியில் இருப்பவர்கள் பங்குனியில் ஹெல்த் ஃபாசெட் (கழிப்பறையில் கழுவும் கைக்குழாய்) மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? யார் சொல்வதைக் கேட்பது?

— வாசகி, நங்கநல்லூர்

பதில்: அம்மா, தண்ணீரைப் பற்றிப் பேசும் முன் அந்த ஸ்விட்ச் போர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து அதை யாரும் தொட வேண்டாம். மெயின் பெட்டியில் ஹாலுக்குப் போகும் எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கிவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த போர்டுக்கு வரும் ஒயரைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். கையோடு, உங்கள் மெயினில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்கசிவு இருந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் கருவி அது. 1996-ல் கட்டிய வீடுகள் பலவற்றில் அது இருக்காது. ஃப்யூஸும் எம்.சி.பி.யும் ஒயர் எரியாமல் பார்த்துக்கொள்ளும், ஈரச் சுவரைத் தொட்டவரைக் காப்பாற்றாது. வேறு எந்தச் செலவைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது கசிவுக்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் சுவரைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஈரம் தெரிகிற இடத்திலேயே கசிவும் இருப்பது அபூர்வம். மேலே ஓரிடத்தில் இறங்குகிற தண்ணீர் சிலாப்புக்குள் கிடைத்த வெடிப்பு வழியாகவோ, எலக்ட்ரிக் குழாய் வழியாகவோ சில அடி தள்ளிப் போய்க் கீழே வெளிப்படும். அப்புறம் செங்கல் அதை உறிஞ்சி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல நாலா பக்கமும் பரப்பிவிடும். அதனால் சுவரில் தெரிகிற படத்தை வைத்து எங்கே உடைப்பது என்று முடிவு செய்ய முடியாது. நான் முதலில் கேட்பது, இந்த ஈரம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதைத்தான்.

வீட்டுச் சுவருக்குள் எந்தத் தண்ணீர் வந்தாலும் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் வரும், தை பிறந்து வெயில் ஏறினால் காயும். தரையிலிருந்து ஏறும் ஓதம் அடியிலிருந்து மூன்று நான்கு அடி வரை வரும், கூரையிலிருந்து தொடங்காது. சென்னையில் சாலை மேல் சாலை போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பல தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டன, அந்த வீடுகளில் இது அதிகம். குளித்த தண்ணீர், கழுவிய தண்ணீர் போகும் வடிகால் குழாய் கசிந்தால், பாத்ரூம் புழங்கும்போது கூடி, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் குறையும். மோட்டாரிலிருந்து டேங்குக்கு ஏறும் குழாயில் ஓட்டை என்றால் மோட்டார் போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஈரம் கூடும். டேங்கிலிருந்து குழாய்களுக்கு இறங்கும் லைன் மட்டும்தான் ராத்திரி பகல் பார்க்காமல், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி கசிந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அதற்குள் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது.

ஏ.சி. தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வடிகால் குழாயைச் சுவருக்குள் புதைத்திருந்தால் அது அடைத்துக்கொண்டு வருஷம் தவறாமல் கோடையில் தொல்லை கொடுக்கும். மாடியில் அந்தச் சுவருக்குப் பக்கத்து அறையில் ஏ.சி. இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதன் தண்ணீர் வெளியே எங்கே சொட்டுகிறது என்று நீங்களே கண்ணால் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

இதை வைத்து உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டு ஆலோசனைகள் உடனே கழிந்துவிடுகின்றன. ஓதம் சித்திரையில் தொடங்கியிருக்கிறது. மழை அரிதான மாதம் அது. மேலும் உங்கள் ஹாலுக்கு மேலே ஒரு முழுத் தளம் இருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர் மாடி வீட்டின் கூரையை விட்டுவிட்டு உங்கள் சுவரில் வந்து நிற்காது. எனவே மொட்டை மாடிக் கெமிக்கல் இப்போது வேண்டாம். பெயின்டர் சொன்னதும் வேண்டாம். தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதன் மேல் நீர் புகாத பெயின்டை அடித்தால் உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் பக்கவாட்டில் பரவி அடுத்த அறையில் தலைகாட்டும், அடித்த பெயின்டும் ஓரிரு மாதத்தில் பூச்சோடு உரிந்து வரும்.

மோட்டார் இரண்டு முறை ஓடுகிறது என்று எழுதியிருப்பது முக்கியமான தகவல். வடிகால் குழாய் கசிந்தால் வீட்டுச் செலவுத் தண்ணீர் கூடாது. நீங்கள் புழங்கி முடித்த தண்ணீர்தான் அதில் போகிறது, அது சாக்கடைக்குப் போனாலும் சுவருக்குப் போனாலும் டேங்கில் கணக்கு ஒன்றுதான். டேங்க் சீக்கிரம் காலியாகிறது என்றால், புழங்குவதற்கு முன்பே தண்ணீர் எங்கோ போகிறது. பாத்ரூம் முழுவதையும் உடைக்கச் சொல்லும் பிளம்பர் வடிகாலைச் சந்தேகப்படுகிறார். உங்கள் மோட்டார் ஓடும் கணக்கோ, டேங்கிலிருந்து இறங்கும் லைனைக் காட்டுகிறது.

ஆனால் இந்த இடத்தில் அவசரப்பட்டுவிடவும் கூடாது. உங்கள் டேங்க் 1,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தினம் கூடுதலாக அரை டேங்க், ஒரு டேங்க் போகிறது என்றால் அது 500-லிருந்து 1,000 லிட்டர். அவ்வளவும் அந்தச் சுவருக்குள் இறங்கியிருந்தால் ஓதத்தோடு நின்றிருக்காது, ஹாலில் தண்ணீர் ஓடியிருக்கும். ஆக, சுவருக்குள் போவது ஒரு பங்குதான். மீதி வேறு வழியில் சத்தமில்லாமல் போகிறது. பெரும்பாலும் அந்த வழி ஃப்ளஷ் டேங்க்தான். அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் நைந்துவிட்டால் தண்ணீர் கோப்பையின் பின்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக வழிந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. கோடை விடுமுறையில் மாடிக்கு உறவினர்கள் வந்து தங்கியிருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனவே உங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு கசிவுகள் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். ஒன்றைச் சரிசெய்துவிட்டு, இன்னும் சுவர் காயவில்லையே என்று பிளம்பரைத் திட்டுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேடுவதை ஃப்ளஷிலிருந்தே தொடங்குங்கள், செலவே இல்லை. துணிக்குப் போடும் சொட்டு நீலம் இருக்குமே, அதில் நாலைந்து சொட்டு ஃப்ளஷ் டேங்குக்குள் விட்டு மூடிவிடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. கீழே ஒன்று, மாடியில் ஒன்று என்று எல்லா டேங்கிலும் பாருங்கள். நீலம் இறங்கவில்லை என்றாலும் மூடியைத் திறந்து, உள்ளே மிதவை நிற்க வேண்டிய மட்டத்தில் நிற்கிறதா, தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வழிகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பு அதிகமாக இருந்தால் மிதவை வால்வு சீக்கிரமே இறுகிவிடும்.

அடுத்தது டேங்க் பரிசோதனை. தண்ணீர் மீட்டர் இருக்கும் ஊர்களில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு முள் நகர்கிறதா என்று பார்ப்பார்கள். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் இல்லை. இருந்தாலும் மெட்ரோ தண்ணீர் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில்தான் வந்து விழுகிறது, வீட்டுக் குழாய்களுக்கு இறங்குவது மேலே உள்ள டேங்கிலிருந்து. அதனால் நமக்கு அளவு பார்க்க டேங்க்தான் சரியான இடம்.

மாடியில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரவு எல்லோரும் படுத்த பிறகு எல்லாக் குழாயையும் மூடி, ஃப்ளஷ் டேங்குகளுக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக் என்ற சுவரோரத் திருகையும் மூடிவிடுங்கள். ராத்திரி அவசரத்துக்கு இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். டேங்குக்குள் நேராக ஒரு குச்சியை அடி வரை விட்டு, நனைந்த மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மொட்டை மாடிக்கு ஏறி டேங்கைத் திறக்கும் வேலையை நீங்கள் இருவரும் செய்ய வேண்டாம், மாடி வீட்டில் இளவயதுக்காரர் யாரையாவது செய்யச் சொல்லுங்கள். விடியற்காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் அதே குச்சியை மறுபடி விட்டுப் பாருங்கள். வட்ட வடிவ 1,000 லிட்டர் டேங்கின் குறுக்களவு ஏறக்குறைய 1.1 மீட்டர் இருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 10 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆறேழு மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 70, 80 லிட்டர். ஒரு சுவரை நீங்கள் எழுதியிருக்கும் நிலைக்குக் கொண்டுவர அது தாராளமாகப் போதும்.

மட்டம் இறங்கியிருந்தால் மறுநாள் இரவு டேங்கின் அடியில் இருக்கும் எல்லா வால்வுகளையும் மூடிவிட்டு அதையே செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் டேங்கோ, டேங்கோடு குழாய் சேரும் இடமோதான் ஒழுகுகிறது. இறங்காமல் நின்றால் கசிவு வால்வுக்குக் கீழே, லைனில். அதன் பிறகு ஒவ்வொரு இரவும் ஒரு வால்வை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தால் எந்த லைன் என்பதும் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பழைய வீட்டு கேட் வால்வுகள் உப்பு படிந்து முழுதாக மூடாது. கைப்பிடி சுற்றும், உள்ளே கதவு இறங்காது. மூடிய பிறகு கீழே அந்த லைனில் ஒரு குழாயைத் திறந்து விடுங்கள், சற்று நேரத்தில் தண்ணீர் நின்றுபோக வேண்டும். நிற்காமல் நூலாக வந்துகொண்டே இருந்தால் வால்வு போய்விட்டது. அதை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். மாற்றும்போது பால் வால்வாகப் போடச் சொல்லுங்கள், கால் சுற்றில் மூடும், இறுகிப்போகாமல் இருக்க மாதம் ஒரு முறை திருகி விட்டால் போதும்.

இப்போது ஹெல்த் ஃபாசெட். சம்பந்தம் இருக்குமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகமே அதன் மேல்தான். பங்குனியில் மாற்றினார்கள், சித்திரையில் ஓதம் தெரிகிறது, இடைவெளி பொருந்தி வருகிறது. அந்தக் காலத்து வீடு என்பதால் சுவருக்குள் இருப்பது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாகத்தான் இருக்கும். ஏறக்குறைய 30 ஆண்டு துரு ஏறிய எல்போவில் (குழாயை வளைத்துச் சேர்க்கும் இணைப்பு) பழைய ஆங்கிள் காக் இறுகிப்போயிருக்கும். அதைக் கழற்ற ரிஞ்சு போட்டு முழு பலத்தோடு திருகும்போது காக் மட்டும் சுழலாது. உள்ளே எல்போவும் கொஞ்சம் அசையும், அதோடு சேர்ந்த குழாயின் மரையும் விட்டுக்கொடுக்கும். வெளியே புது காக் பளபளவென்று சொட்டுக்கூடச் சிந்தாமல் நிற்கும், டைல்ஸுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். இடையில் யாராவது அந்த லைனை பிளாஸ்டிக் குழாயாக மாற்றியிருந்தாலும் இதே தொல்லை வரும். பித்தளை மரை இல்லாத வெறும் பிளாஸ்டிக் எல்போவில் டெஃப்ளான் டேப்பை அளவுக்கு மேல் சுற்றி முறுக்கினால் எல்போ நீளவாக்கில் வெடிக்கும். ஃபாசெட் மாற்றியவர்கள் மேல் தப்பு என்று இதைச் சொல்லவில்லை. யார் மாற்றியிருந்தாலும் அந்த வயதுக் குழாயில் இது நடக்கும். மாடிக் குடும்பத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தத் தேடலில் ஓரடி கூட எடுத்து வைக்க முடியாது, எனவே குற்றம் சொல்கிற தொனியில் பேச்சைத் தொடங்காதீர்கள்.

அந்த ஃபாசெட் பொருத்திய சுவர் உங்கள் ஹால் சுவருக்கு நேர் மேலே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிளம்பரிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: அந்த ஆங்கிள் காக்கைச் சுற்றி ஒரு டைல்ஸை மட்டும் எடுத்து எல்போவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிள் காக்கை மூடி வைத்துப் பார்த்தோம், ஈரம் குறையவில்லை, அதனால் காரணம் இது இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். காக் மூடியிருந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் எல்போவில் அழுத்தம் அப்படியேதான் இருக்கும்.

திறந்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் ராத்திரியில் டேங்க் மட்டம் இறங்குகிறது என்றால் பிரஷர் டெஸ்ட் பம்ப் வைத்திருக்கும் பிளம்பரைத் தேடுங்கள். லைனின் எல்லா வாய்களையும் டம்மி போட்டு அடைத்துவிட்டு, கையால் அடிக்கும் பம்ப்பில் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். டேங்கிலிருந்து உங்கள் மாடிக் குழாய்க்குக் கிடைக்கும் அழுத்தம் அரை கிலோகூட இருக்காது, பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ. பழைய ஜி.ஐ. லைனில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். புது லைனுக்கு ஏற்றும் அழுத்தத்தை இதில் ஏற்றினால் நன்றாக இருக்கும் மூட்டுகளும் விட்டுவிடும்.

லைன்தான் என்று உறுதியானால் என் கருத்து ஒன்றுதான்: சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. குழாயை ஒட்டுப் போடாதீர்கள். ஓரிடத்தில் துரு தின்று ஓட்டையாகியிருந்தால் மற்ற இடங்களும் அதே வயதுதான். இன்று எல்போ, ஆடி மாதம் மூன்று குழாய் சேரும் டீ இணைப்பு, அடுத்த வருஷம் வேறோர் இடம் என்று உடைத்துக்கொண்டே இருக்க நேரும். பழைய லைனை டேங்க் பக்கத்திலேயே துண்டித்து இரண்டு முனையும் அடைத்து, சுவருக்குள் அப்படியே செத்துக் கிடக்க விட்டுவிடுங்கள். புதிதாக சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாயை வெளிச்சுவர் வழியாக இறக்கி, பாத்ரூமுக்குள் தேவையான இடத்தில் மட்டும் துளை போட்டு உள்ளே கொண்டுவரலாம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், ஸ்பேனரோடு ஒருவர் வந்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் போவார். வயதான காலத்தில் அந்த நிம்மதி பெரிது.

வேலை நடக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். சி.பி.வி.சி.க்கு அதற்கென்று உள்ள சால்வென்ட்தான் போட வேண்டும், சாதாரண பி.வி.சி. பசை கூடாது. ஒட்டியவுடன் தண்ணீர் திறந்துவிடவும் கூடாது, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். வெளிச்சுவரில் வெயில் படும் குழாய்க்கு தண்ணீரில் கரையும் பெயின்ட் இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள், வெயிலில் அந்தக் குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆயில் பெயின்ட் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் குழாய்க்கு ஆகாது.

சரி, டேங்க் மட்டம் இரண்டு மூன்று இரவும் ஒரு நூல்கூட இறங்கவில்லை, நீலமும் இறங்கவில்லை, ஆனால் சுவர் ஈரமாகவே இருக்கிறது என்றால்தான் பிளம்பர் சொன்ன வடிகால் பக்கம் போக வேண்டும். அப்போதும் முழுக்க உடைக்கத் தேவையில்லை. மாடி பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் வாயான நஹானி ட்ராப்பைத் துணியும் பிளாஸ்டிக் பையும் வைத்து இறுக்கி அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். அதில் சொட்டு நீலமும் கலந்துவிடலாம். கீழே ஈரம் கூடினால் டைல்ஸ் இடுக்கு, அல்லது ட்ராப்பின் விளிம்பு. கூடவில்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டு, நான்கைந்து வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ட்ராப்பில் ஊற்றிப் பாருங்கள். அப்போது கூடினால் ட்ராப்புக்குக் கீழே இருக்கும் குழாய்.

இதில் பொறுமை தேவைப்படும். பழைய பாத்ரூம்களில் தளத்தை ஓரடி பள்ளமாக விட்டு, அதில் செங்கல் துண்டும் கழிவுமாகக் கொட்டி நிரப்பி மேலே டைல்ஸ் போட்டிருப்பார்கள். அந்த நிரப்பல் முழுதும் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். பாத்ரூமை மூன்று நாள் பூட்டி வைத்தும் ஈரம் குறையவில்லையே என்றால், உள்ளே தேங்கியது இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். பத்து நாளாவது பார்க்க வேண்டும். ட்ராப்பின் விளிம்பும் டைல்ஸ் இடுக்கும்தான் காரணம் என்றால், பழைய சிமென்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு எபாக்ஸி கிரவுட் நிரப்பினாலே பல வீடுகளில் நின்றுவிடுகிறது. அதுவும் பலிக்காமல் போனால் உடைப்பதைத் தவிர வழியில்லை. அப்படி உடைத்தால், புது டைல்ஸ் ஒட்டும் முன் நீர்த்தடுப்புப் பூச்சு போட்டு, மறுபடி ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குச் சம்மதிக்க வேண்டும்.

உங்கள் மகன் சொன்ன கேமராவைப் பற்றி: அது பொய்யான தொழில்நுட்பம் அல்ல. ஆனால் அந்தக் கேமராவுக்குத் தண்ணீர் தெரியாது, வெப்ப வித்தியாசம்தான் தெரியும். ஈரம் ஆவியாகும் இடம் சற்றுக் குளிர்ந்திருக்கும், அதைக் காட்டும். பக்கத்து அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் குளிர்ச்சியையும் அப்படியே காட்டும். முழுதும் ஊறிப்போன சுவரில் எங்கும் ஒரே நிறமாக வரும். கீசர் லைன் கசிவதைக் கண்டுபிடிக்க அது மிக நன்றாக உதவும், சுடுதண்ணீர் போகும் பாதை தெளிவாகத் தெரியும். மேலே சொன்ன சோதனைகளை முடித்து எந்த லைன் என்று தெரிந்த பிறகும் இடம் பிடிபடவில்லை என்றால் கூப்பிடுங்கள், அப்போது அவர்களுக்கும் வேலை சுலபம். சிலாப்பின் அடியில் துளை போட்டு கெமிக்கல் ஏற்றுகிறோம் என்று யாராவது சொன்னால் மட்டும், மூலக் கசிவு நிற்கும் வரை சம்மதிக்காதீர்கள். கீழே சொட்டுவது நிற்கும், தண்ணீர் சிலாப்புக்குள்ளேயே தேங்கும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு கீழே விழ வைக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சம்ப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஹால் ஓதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் குச்சியைக் கையில் எடுத்த அதே வாரத்தில் அதையும் அளந்துவிடுங்கள். ஆறுக்கு ஐந்து அடி சம்ப்பில் ஒரு அங்குலம் இறங்கினால் 70 லிட்டர். மழைக்காலத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். வெளியே நிலத்தடி நீர் சம்ப் மட்டத்துக்கு ஏறி நிற்பதால், வெடிப்பு இருந்தாலும் உள்ளே மட்டம் இறங்காது. அந்த நாட்களில் பாதி காலியான சம்ப்பில் மட்டம் தானாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது, பக்கத்தில் கழிவுநீர்க் குழாயோ பழைய செப்டிக் டேங்கோ இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். வீட்டில் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் மாடிக் குடும்பத்துக்கும் சொல்லி, சுத்தம் செய்து வெடிப்பை அடைக்கும் வரை குடிக்க வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள்.

கசிவு நின்ற பிறகு சுவரைக் காயவிடுவதுதான் பலர் தவறவிடும் கட்டம். உப்பிய பெயின்டையும் பொரிந்த பூச்சையும் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்துவிடுங்கள், நல்ல பூச்சு இருக்கும் இடத்துக்கு அரை அடி தள்ளியும் எடுக்கலாம். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கலுக்குள் போய்விடும். ஒன்பது அங்குலச் சுவர் உள்வரை காய ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வேர்க்கவில்லை என்றால் புதுப் பூச்சுக்கு ஆளைக் கூப்பிடலாம். பூச்சும் காய்ந்த பின் பட்டி, பிறகு பெயின்ட். ஸ்விட்ச் போர்டின் ஒயரை எலக்ட்ரீஷியன் மெகர் என்ற மின்கசிவு சோதிக்கும் கருவியை வைத்துச் சோதித்த பிறகுதான் திரும்ப இணைக்க வேண்டும். முடிந்தால் அந்த போர்டையே வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வரும்போது சுவர் காய்வது மிகவும் மெதுவாகிவிடும், எனவே நீலச் சோதனையை இன்றே செய்யுங்கள், டேங்க் மட்டத்தை இந்த வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். மூன்று இரவு அளவுகளையும், எந்த வால்வு திறந்திருந்தது என்பதையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். பிளம்பர் வந்தால் சுவரைக் காட்டும் முன் அந்தத் தாளைக் காட்டுங்கள். எந்த லைன் என்று முடிவான பிறகும் குழப்பம் இருந்தால் அந்த அளவுகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள் அம்மா, மாடி பாத்ரூமில் எந்தக் குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கையால் வரைந்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.